ஆர்னோ ஏறி வந்த உயரம்

அக்டோபர் 14, 2024 – இரவு

ரோமிலிருந்து ரயிலில் வந்து சாந்தா மரியா நொவெல்லா நிலையத்தில் இறங்கினோம். அறைக்கு வந்து சேர்வதற்குள் நன்றாக இருட்டிவிட்டது. தெரு முழுக்கக் கல் பாவியிருக்கிறார்கள். எங்கள் சக்கரப் பெட்டி கடகடவென்று ஊரையே எழுப்பிவிடும்போல இருந்தது.

ஃபிளாரன்ஸில் நாளை ஒரு நாள்தான். உஃபிஸி ஓவியக்கூடம் வேண்டாமென்று இருவருமே முடிவு செய்துவிட்டோம். உள்ளே போனால் பொழுது அங்கேயே போய்விடும். இவர் பொதுப்பணித்துறையில் ஆறு, ஏரி, மதகு என்று காலம் கழித்தவர். நான் நூலகர். 1966 நவம்பர் 4 அன்று ஆர்னோ ஆறு பெருகி, நூலகத்துப் புத்தகங்கள் வெள்ளத்தில் மூழ்கிய ஊர் இது. எங்கள் இரண்டு பேருக்கும் பொதுவாக ஓர் ஊர் இருக்கிறதென்றால் இதுதான். பல வருஷ ஆசை.

அக்டோபர் 15 – காலை

எட்டு மணிக்கே கதீட்ரல் வாசலில் வரிசை நின்றது. குவிமாடத்தின் உச்சிக்கு 463 படி. என் முழங்கால் அதற்கெல்லாம் ஒத்துவராது என்பதால் கீழே நின்றே அண்ணாந்து பார்த்தோம். 1420இல் தொடங்கி 1436இல் முடித்திருக்கிறார் கட்டடக் கலைஞர் புருனெல்லெஸ்கி. “இவ்வளவு அகலத்துக்கு அடியில் தாங்கிப்பிடிக்கும் சென்ட்ரிங்கே போடாமல் கட்டியிருக்கிறான் மனுஷன்” என்று இவர் வாய் ஓயவில்லை. செங்கலை மீன்முள் மாதிரி சாய்த்துச் சாய்த்து அடுக்கியதால், வேலை நடக்கும்போதே ஒவ்வொரு சுற்றும் சரியாமல் நின்றிருக்கிறது.

அப்புறம் கதீட்ரல் அருங்காட்சியகம். சிற்பி கிபெர்த்தி 1425 முதல் 1452 வரை உழைத்துச் செய்த ‘சொர்க்க வாசல்’ கதவு இங்கேதான் இருக்கிறது. எதிரே ஞானஸ்நான ஆலயத்தில் எல்லோரும் படம் எடுத்துக்கொண்டிருப்பது நகல். 1966 வெள்ளத்தில் இந்தக் கதவின் பொன் முலாம் பூசிய வெண்கலப் பலகைகள் சில கழன்று சேற்றில் விழுந்தன. சுத்தம் செய்து பழையபடி ஆக்க 27 வருஷம் பிடித்தது. 2012இல்தான் மறுபடி பார்வைக்கு வைத்தார்கள். சட்டத்தின் ஓரத்தில் வரிசையாகச் சின்னச் சின்னத் தலைகள். அதில் வழுக்கையும் உயர்த்திய புருவமுமாக எட்டிப் பார்ப்பவர் கிபெர்த்தியே. அந்தப் புருவத்துச் சுருக்கம்கூடத் தெரிகிறது. அந்த இடுக்குகளிலிருந்தெல்லாம் அழுக்கை எடுத்த கைகளை நினைத்துக்கொண்டேன்.

அக்டோபர் 15 – மதியம்

நேரி தெருவும் சான் ரெமிஜியோ தெருவும் சந்திக்கும் முனை. சுற்றுலாக் கூட்டமெல்லாம் ரொட்டிக் கடை வரிசையில் நிற்க, நாங்கள் மட்டும் ஒரு சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றோம். மேலே இரண்டு கல்வெட்டுகள். ஒன்றில் அலைக்குள்ளிருந்து ஒரு கை நீண்டு, ஒற்றை விரலால் ஒரு கோட்டைக் காட்டுகிறது: 1333 நவம்பர் 4, ஆர்னோவின் நீர் இதுவரை வந்தது. அதற்குக் கொஞ்சம் மேலே இன்னொன்று: 1966 நவம்பர் 4. சரியாக 633 வருஷம் கழித்து அதே தேதியில், அதைவிட உயரமாக.

இவர் சுவரோடு சேர்ந்து நின்று கையைத் தூக்கிப் பார்த்தார். மூன்று ஆள் உயரம் இருக்கும். “வெள்ளம் ஏறிய உச்ச மட்டத்தை எங்கள் ஆபீசில் ஹெச்.எஃப்.எல். என்று பாலத்தூணில் பெயிண்டில் எழுதுவோம். இவர்கள் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள்” என்றார். அவர் குரலில் அவ்வளவு மரியாதை. 1333 வெள்ளம் பொந்தே வெக்கியோ பாலத்தை அடித்துக்கொண்டு போனது. இப்போது நிற்பது 1345இல் கட்டியது. 1966இல் அந்த இரவு, பாலத்து நகைக்கடைக்காரர்களைக் காவலாளி எழுப்பிவிட்டதால் கொஞ்சம் தங்கமாவது தப்பியது. நூலகத்தை எழுப்பிச் சொல்ல யாருமில்லை. விடிந்தால் தேசிய விடுமுறை வேறு.

சாப்பாட்டுக்கு ரிபொல்லீத்தா: பழைய ரொட்டி, வெள்ளை பீன்ஸ், கரும்பச்சைக் கோஸ் இலை எல்லாம் போட்டுக் கெட்டியாகக் காய்ச்சிய சூப். சுடச்சுட அமிர்தம். தொட்டுக்கொள்ள வைத்த ரொட்டியில் மட்டும் உப்பே இல்லை. இந்த வட்டாரத்து வழக்கமே அதுதானாம். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று வளர்ந்த எங்களுக்கு அது இறங்கவில்லை.

அக்டோபர் 15 – மாலை

சாந்தா க்ரோச்சே ஆலயம். மைக்கேலாஞ்சலோ, மாக்கியவெல்லி, கலிலியோ எல்லோரும் இங்கே உறங்குகிறார்கள். 1642இல் இறந்த கலிலியோவுக்கு உரிய இடம் கிடைக்க 1737 ஆகியிருக்கிறது. கும்பிட்டுவிட்டு நகர்ந்தோம். நான் வந்தது ஓவியர் சிமாபூவே வரைந்த சிலுவையைப் பார்க்க.

13ஆம் நூற்றாண்டுச் சிலுவை அது. வெள்ளத்தில் வண்ணத்தில் பாதிக்குமேல் உரிந்து போனது. பத்து வருஷ வேலைக்குப் பின் 1976இல் திரும்பி வந்தது. வண்ணம் போன இடத்தில் முகத்தையோ உடம்பையோ தாங்களாக வரைந்து நிரப்பவில்லை. மெல்லிய வண்ணக் கோடுகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பின்னி விட்டிருக்கிறார்கள். தூரத்திலிருந்து கண்ணை உறுத்தாது. கிட்டே போனால் இழப்பு எங்கே, மூலம் எங்கே என்று தெளிவாகத் தெரியும். பழைய ஏட்டைச் செப்பனிடும் யாரும் இதைப் பார்க்க வேண்டும். இல்லாததை இருப்பதாகக் காட்டாத நேர்மை.

அதே ஆலய வளாகத்தில் ஓவியர் வசாரியின் ‘கடைசி இராவுணவு’, 1546. ஐந்து மரப்பலகை ஓவியம், மணிக்கணக்கில் நீருக்குள் கிடந்தது. வண்ணம் உதிராமலிருக்க மெல்லிய காகிதத்தை ஒட்டி எடுத்துவைத்தார்கள். எப்படிச் சரிசெய்வது என்று பல பத்தாண்டுகள் வழி தெரியவில்லை. அதற்காக யாரும் கைவிட்டுவிடவில்லை. 2016இல், சரியாக ஐம்பதாம் ஆண்டில், சுவருக்குத் திரும்பியது. மறுபடி வெள்ளம் வந்தால் படத்தையே மேலே தூக்கிவிட ஓர் எந்திரம் வைத்திருக்கிறார்கள். அதைக் கேட்டதும் இவர் படத்தை விட்டுவிட்டுக் கம்பியையும் கப்பியையும் தேட ஆரம்பித்துவிட்டார்.

வெளியே வந்தால் அடுத்ததே தேசிய நூலகம், ஆற்றங்கரையோடு ஒட்டி. மல்யாபெக்கி என்ற நூலகர் 1714இல் இறக்கும்போது தன் 30,000 நூல்களை ஊருக்கு எழுதி வைத்ததில் தொடங்கியது இது. அந்தச் சேகரிப்பும் பழைய செய்தித்தாள்களும் கீழ்த்தளங்களில் இருந்தன. குளிர்காலத்துக்கு நிரப்பி வைத்திருந்த கணப்பு எண்ணெயும் சேறும் கலந்த நீர் அவ்வளவையும் மூடியது. எங்கெங்கிருந்தோ வந்த மாணவர்கள் வரிசையாக நின்று, கைமாற்றிக் கைமாற்றிச் சேற்றிலிருந்து புத்தகங்களை வெளியே கொண்டுவந்தார்கள். அவர்களுக்குக் கிடைத்த பெயர் ‘சேற்றுத் தேவதைகள்’. புகையிலை உலர்த்தும் சூளைகளில்கூடப் புத்தகங்களைக் காயவைத்தார்கள். பீட்டர் வாட்டர்ஸ் போன்ற பைண்டர்கள் இங்கிலாந்திலிருந்து வந்து கற்றுக்கொடுத்ததும் கற்றுக்கொண்டதும்தான் இன்றைய நூல் பாதுகாப்புத் துறைக்கே அடித்தளம். வாசல் படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். தொண்டை அடைத்துக்கொண்டது.

அக்டோபர் 16 – காலை

ரயிலுக்கு முன் சான் நிக்கோலோ தடுப்பணையைப் பார்த்தே ஆக வேண்டுமென்றார் இவர். ஆறு சாதுவாகத்தான் ஓடுகிறது. மேலே லெவானே, லா பென்னா என்று இரண்டு அணைகள்; 1966இல் அங்கே நீரைத் திறந்துவிட்ட விதம் பற்றிப் பெரிய வாக்குவாதம் நடந்தது. அதன் பிறகு பாலங்களுக்கடியில் படுகையை ஆழப்படுத்தினார்கள், துணையாறான சியேவேயில் பிலான்சினோ அணையைக் கட்டினார்கள். “போதாது” என்றார் இவர், கரைச்சுவரை விரலால் தட்டிக்கொண்டே.

ஊரில் வடகிழக்குப் பருவமழை ஆரம்பித்துவிட்டதாகப் பிள்ளைகள் சொன்னார்கள். நான் வேலை பார்த்த நூலகத்துக்கு நடைமேடையிலிருந்தே போன் போட்டேன். தரைத்தளத்து பீரோக்களில் கீழ் இரண்டு தட்டிலும் பழைய இதழ்த் தொகுப்புகள் இருக்கின்றன. இன்றே மாடிக்கு ஏற்றிவிடுகிறோம் என்றார்கள்.