மாலை ஆறு மணி

செப்டம்பர் 21
கை நடுக்கம் குறைந்திருக்கிறது. காலையில் காபி டம்ளரை ஒற்றைக் கையால் எடுத்தேன். பத்மா பார்த்தும் பாராதவள்போல் உள்ளே போய்விட்டாள்.

செப்டம்பர் 22
மாத்திரை உடம்பைத்தான் பார்த்துக்கொள்ளும், மாலைப் பொழுதைத் தள்ள உங்களுக்கு ஆட்கள் வேண்டும் என்றார் மருத்துவர். மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் ஏ.ஏ. குழுவின் எண்ணை எழுதிக் கொடுத்தார். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்: குடியை நிறுத்த விரும்புகிறவர்கள் கூடிப் பேசி ஒருவருக்கொருவர் துணை நிற்கும் குழுவாம். மாலைப் பொழுது என்று அவர் சொன்னது எப்படி என் வாயில் வரவேண்டிய வார்த்தையாக இருந்தது!

செப்டம்பர் 23
அந்த எண் உபயோகத்தில் இல்லை.

செப்டம்பர் 25
விசாரித்ததில் பாலக்கரைப் பக்கம் ஒரு பள்ளி வகுப்பறை என்றார்கள். ஆறு மணிக்கு முன்பே போய் நின்றேன். உள்ளே பிள்ளைகளுக்கு டியூஷன் நடக்கிறது. கூட்டம் வேறு இடத்துக்குப் போய் வெகுநாளாயிற்று என்றார் காவலாளி; எங்கே என்று அவருக்குத் தெரியவில்லை. திரும்பும் வழியில் கடை. பகல் பன்னிரண்டு முதல் இரவு பத்து வரை திறந்திருக்கும் கடை. அதன் முகவரியை நான் யாரிடமும் கேட்டதில்லை. அது இடம் மாறினால் அன்றே ஊருக்கெல்லாம் தெரிந்துவிடும். குடிக்காமல் இருக்க நினைப்பவன் மட்டும் ஏன் தெருத்தெருவாக விசாரிக்க வேண்டும்? நடந்தே வீட்டுக்கு வந்தேன். பத்மா என் சட்டையை வாங்கி முகர்ந்துவிட்டுத்தான் துவைக்கப் போட்டாள்.

செப்டம்பர் 26
தூக்கமில்லை. ஏ.ஏ. எப்படித் தொடங்கியது என்று படித்தேன். 1935 மே மாதம். வியாபாரம் கைகூடாமல் அமெரிக்காவின் அக்ரன் நகரத்து ஹோட்டல் முகப்பில் நிற்கிறார் பில் வில்சன். ஒரு பக்கம் மதுக்கூடம், இன்னொரு பக்கம் தொலைபேசி. தேவாலயங்களின் பட்டியலைப் பார்த்து வரிசையாக அழைக்கிறார். அவர் தேடியது இன்னொரு குடிநோயாளியை. பேச ஓர் ஆள் கிடைத்தால்தான் தான் குடிக்காமல் இருக்க முடியும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. கடைசியில் டாக்டர் பாப் என்ற குடிநோயாளி கிடைக்கிறார். கால்மணி நேரம்தான் இருப்பேன் என்று வந்தவர், மாலை ஐந்துக்குத் தொடங்கி இரவு பதினொன்று வரை பேசியிருக்கிறார். அந்த மாலையும் ஆறு மணியைக் கடந்துதானே போயிருக்கும்!

செப்டம்பர் 28
தெரிந்தவர் யாராவது அங்கே இருந்தால்? அலுவலகத்தில் பரவினால்? மாப்பிள்ளை வீட்டார் காதுக்குப் போனால்? குடித்துவிட்டு நடுத்தெருவில் கிடந்தபோது யார் கண்ணுக்கும் கூசாத உடம்பு, குடிப்பதை நிறுத்தப் போகும்போது இப்படிக் கூசுகிறது. நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது வார்டில் இருந்த பக்கத்துக் கட்டில்காரர் ஞாபகம் வருகிறார். குடியை நிறுத்திய மூன்றாம் நாள், சுவரெல்லாம் பூச்சி ஊர்கிறது என்று அலறினார். கட்டிலோடு சேர்த்துக் கட்டினார்கள். அவர் இப்போது எங்கே இருக்கிறாரோ. எந்த மாலையில் இருக்கிறாரோ.

செப்டம்பர் 30
போதையிலிருந்து மீள உதவும் அரசு உதவி எண் 14446ஐ அழைத்தேன். அவர்கள் சொன்ன மையத்தில் ஓர் ஆலோசகர் பேசினார். மூன்றாம் தேதி கூட்டம். இடம், நேரம் எல்லாம் சொன்னார். எழுதிக்கொண்டு திரும்பவும் வாசித்துக் காட்டினேன்.

அக்டோபர் 1
நாளை காந்தி ஜெயந்தி, கடைக்கு விடுமுறை. இன்றே வாங்கி வைக்கத் தெருமுனை வரை கூட்டம். பஸ்ஸில் கண்ணை மூடிக்கொண்டேன்.

அக்டோபர் 2
கடை மூடியிருக்கிறது. கள்ளத்தனமாக விற்கும் வீடு எனக்குத் தெரியும். பத்மாவுக்கும் தெரியும்.

அக்டோபர் 3
போனேன்.

பிளாஸ்டிக் நாற்காலிகள், சுவரில் குடியிலிருந்து மீள ஏ.ஏ. சொல்லும் பன்னிரண்டு படிகள், ஒரு ஃபிளாஸ்க் தேநீர். யாரும் விலாசம் கேட்கவில்லை, பதிவேடும் இல்லை. நிறுத்த வேண்டும் என்ற விருப்பம் போதும் என்றார்கள். ஒவ்வொருவராகப் பெயரைச் சொல்லி, நான் ஒரு குடிநோயாளி என்று தொடங்கிப் பேசினார்கள். குறுக்கே யாரும் புத்தி சொல்லவில்லை. எனக்கு அதுதான் ஆச்சரியம். இத்தனை வருடங்களில் புத்தி சொல்லாத ஒரு மனிதர்கூட என் முன்னால் உட்கார்ந்ததில்லை. பேசியவர்களில் ஒருவர், மகள் கம்மலை அடகு வைத்ததைச் சொன்னார். அறையில் ஒரு முகம்கூடச் சுளிக்கவில்லை. என் முறை வந்தபோது பெயரை மட்டும் சொன்னேன். போதும் என்றார்கள்.

தெரிந்த முகம் ஒன்று இருந்தது. தலையசைத்தார். நானும் அசைத்தேன்.

செலவுக்கு ஒரு பை சுற்றி வந்தது. வெளியார் பணத்தை வாங்குவதில்லையாம். பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஓய்வு பெற்றவர் ஒருவர் வாசல் வரை வந்தார். “பசி, கோபம், தனிமை, களைப்பு. இந்த நாலில் ஒன்று வந்தாலும் எனக்கு போன் பண்ணுங்க தம்பி” என்று எண் கொடுத்தார். எனக்கு ஐம்பது வயது. தம்பி என்று கேட்டு எவ்வளவு காலமாயிற்று!

அக்டோபர் 7
இன்றும் முகர்ந்தாள்.

அக்டோபர் 12
“எப்பங்க முழுசாக் குணமாகும்?” என்றாள். முடிவென்று ஒன்று கிடையாது, போய்க்கொண்டே இருக்க வேண்டும் என்றேன். தட்டை நகர்த்திவிட்டு எழுந்துவிட்டாள். எனக்குக் கோபம். நாலில் ஒன்று. மொட்டை மாடிக்குப் போய்ப் பெரியவரை அழைத்தேன். அவர் தன் முருங்கை மரத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். மணி ஏழாகிவிட்டது.

அக்டோபர் 20
குடும்பத்தாரும் வரக்கூடிய கூட்டம். பத்மா கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். நான் முதல்முறையாக முழுதாகப் பேசினேன். அவளைப் பார்த்துப் பேச முடியவில்லை, ஃபிளாஸ்க்கைப் பார்த்துப் பேசினேன். பஸ்ஸில் ஒன்றும் சொல்லவில்லை. சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும், “அடுத்தது எப்போ?” என்றாள்.

அக்டோபர் 28
தீபாவளிக்கு மைத்துனர் வருகிறார். அவர் பையில் என்ன இருக்கும் என்று இந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். நான் விழுங்கும் மாத்திரையோடு மது சேர்ந்தால் முகம் சிவந்து, வாந்தி வந்து, நெஞ்சு அடித்துக்கொள்ளும், ஆஸ்பத்திரிக்கே ஓட வேண்டியிருக்கும் என்று மருத்துவர் எச்சரித்திருக்கிறார். எனக்கு மாத்திரை மேல் பயமில்லை. இரண்டு நாள் மாத்திரையை நிறுத்திவிடலாமே என்று காலையில் வந்துபோன நினைப்பின் மேல்தான் பயம். பெரியவரிடம் அதை அப்படியே சொன்னேன். “மாத்திரையை வீட்டம்மா கையில கொடுத்துடுங்க. சாயங்காலம் இங்க வந்துடுங்க” என்றார்.

அக்டோபர் 30
மைத்துனர் வந்துவிட்டார். பையைத் திறக்கும் முன்பே சொன்னேன்: வீட்டுக்குள் வேண்டாம் மாப்பிள்ளை. அவர் முகம் சுருங்கியது. சுருங்கட்டும். பத்மா அவருக்கு முறுக்கு எடுத்துவைக்கிறாள். மணி ஐந்தேமுக்கால். பெரியவர் வீட்டுக்கு பஸ் கிடைக்க வேண்டும்.