இரும்புக்கை மாயாவியை வரையச் சொல்பவர்களுக்கு

1972-ல் முத்து காமிக்ஸ் என்ற தமிழ்ச் சித்திரக்கதை வரிசையின் முதல் இதழாக வந்த மாயாவியை ஓவியரிடம் புதிதாக வரையக் கேட்கிறீர்களா? முதலில் எழுதிக் கொடுக்க வேண்டியது: இரும்புக்கை வலது கை. மாதிரிப் படம் இடவலம் மாறியிருந்தால் கையும் மாறிவிடும். மை ஏறிய பிறகு திருத்துவது பெரும்பாடு, பென்சில் நிலையிலேயே போட்டோ வாங்கிப் பாருங்கள்.

மின்சாரம் பாய்ந்து மாயாவியின் உடல் மறைய, கை மட்டும் அந்தரத்தில் நிற்கும் காட்சிதான் அழகு. ஆனால் வெறும் கையை வரைந்தால் கழற்றிப் போட்ட கையுறை மாதிரி இருக்கும். அது கதவுக் குமிழையோ டெலிபோனையோ பற்றியிருக்கட்டும். விரல் மூட்டுகளில் மட்டும் வெள்ளை விட்டு மற்ற இடங்களில் கறுப்பை நிரப்பச் சொல்லுங்கள். அப்போதுதான் இரும்பு இரும்பாகத் தெரியும். ஸ்பானிய ஓவியர் ஹெஸூஸ் பிளாஸ்கோ வரைந்த மாயாவிக்கு உயிரே அந்தக் கறுப்புதான்!

ஏ3 அளவு, 300 ஜிஎஸ்எம் கனமுள்ள வழவழப்பான தாள், பிக்மென்ட் மை போதும். சாதாரண மார்க்கர் வெயிலில் வெளிறிவிடும். பாதிப் பணம் முன்பணம், மீதி முடிந்ததும். கூரியரில் சுருட்டி அனுப்ப விடாதீர்கள், இரண்டு கெட்டி அட்டைகளுக்கு நடுவே தட்டையாக வரட்டும்.

வீட்டுச் சுவரில் மாட்டுங்கள். பிரதி எடுத்து விற்காதீர்கள், பாத்திரத்தின் உரிமை வேறொருவருடையது.