கவுன்டரில் கிடைத்த அறிக்கையும் அதை எங்களுக்குப் படித்துக் காட்டிய செவிலியரும்

என் மகனுக்கு டூஷேன் தசைச்சிதைவு நோய் இருப்பது உறுதியாவதற்குப் பல மாதங்களுக்கு முன்பு, அந்த நோய் அவனுக்கு இல்லை என்று ஒரு மருத்துவமனைக் கவுன்டரில் எங்களிடம் சொன்னார்கள். சொன்னவர் மருத்துவர் அல்லர். அறிக்கைகளை உறையில் போட்டுக் கொடுக்கும் ஊழியர். அந்தச் சொல்லை நம்பி நாங்கள் வீணாக்கிய காலத்தை நினைத்தால் இன்றும் எனக்கு ஆறவில்லை. அதே தாளை வேறொரு மருத்துவமனையின் மரபணுப் பிரிவில் இருந்த ஒரு செவிலியர் கடைசி வரி வரை படித்துக் காட்டிய பிறகுதான் எங்களுக்கு வழி திறந்தது. மரபணுச் சோதனைக்குப் போகும் குடும்பங்கள் எதைக் கேட்டுப் பெற வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

நோயின் அறிகுறிகள் இந்த வழியில் வந்தவர்களுக்குத் தெரிந்தவைதான்: தரையிலிருந்து எழும்போது தொடையில் கை ஊன்றுவது, கெண்டைக்கால் பருத்திருப்பது, படியேறத் திணறுவது. ஆனால் நாங்கள் முதலில் போனது கல்லீரல் மருத்துவரிடம். காய்ச்சலுக்காக எடுத்த ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் நொதிகள் என்று சொல்லப்படும் எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. இரண்டும் மிகவும் கூடியிருந்தன. கல்லீரலுக்கு மருந்தும் ஸ்கேனுமாகக் காலம் ஓடியது. அந்த நொதிகள் தசையிலும் உண்டு, தசை சிதையும்போது அவை ரத்தத்தில் கலக்கும் என்பதை யாரும் சொல்லவில்லை. ஒருவழியாக வேறொரு குழந்தை மருத்துவர் ரத்தத்தில் தசை நொதியின் அளவைக் காட்டும் சி.கே. பரிசோதனை எழுதிக் கொடுத்தார். ஏறக்குறைய 200க்குள் இருக்க வேண்டிய அளவு 14,000ஐத் தாண்டியிருந்தது. அடிக்கடி விழும், தாமதமாக நடந்த ஆண் குழந்தைக்குக் கல்லீரல் நொதிகள் கூடியிருப்பதாகச் சொன்னால், சி.கே. பார்த்தீர்களா என்று தயங்காமல் கேளுங்கள்.

அடுத்து எம்.எல்.பி.ஏ. என்ற மரபணுச் சோதனை. ரத்தம் எடுத்தார்கள், ஆங்கிலத்தில் இருந்த ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்கினார்கள், அது எதற்கான ஒப்புதல் என்று யாரும் விளக்கவில்லை. அறிக்கை வந்த அன்று மருத்துவர் விடுப்பில் இருந்தார். கவுன்டரில் இருந்தவர் 'காணப்படவில்லை' என்ற பொருளில் தடித்த எழுத்தில் இருந்த ஒரு வரியைப் பார்த்துவிட்டு, "நார்மல்தாம்மா, பயப்படாதீங்க" என்றார். பணியில் இருந்த இளம் மருத்துவரும் அதையே சொல்லி அனுப்பினார். குலதெய்வக் கோயிலில் பொங்கல் வைத்துவிட்டு வந்தோம். பையன் மட்டும் முன்னைவிட அதிகமாக விழுந்துகொண்டிருந்தான்.

பிறகு உறவினர் ஒருவர் சொல்லி மரபணுப் பிரிவு உள்ள மருத்துவமனைக்குப் போனபோது, மருத்துவரைப் பார்ப்பதற்கு முன்பு அந்தச் செவிலியர் எங்களை உட்கார வைத்துக் கோப்பைப் புரட்டினார். அறிக்கையின் கடைசிப் பக்கத்தில், சிறிய எழுத்தில், சோதனையின் வரம்புகள் என்று ஒரு பத்தி இருந்தது. அதைத் தமிழில் சொன்னார்: இந்தச் சோதனையில் ஒன்றும் தெரியவில்லை என்பதால் நோய் இல்லை என்று ஆகாது, சிறிய மாற்றங்களை இது கண்டுபிடிக்காது. இந்த நோயில் கோளாறாகும் டிஸ்ட்ரோபின் மரபணுவை 79 பெட்டிகள் கொண்ட ரயிலாக நினைத்துக்கொள்ளச் சொன்னார். எம்.எல்.பி.ஏ. பெட்டிகளை எண்ணிப் பார்க்கும். ஏதாவது பெட்டி விடுபட்டிருந்தாலோ கூடுதலாக இருந்தாலோ சொல்லிவிடும். பெட்டிக்குள் ஒரு திருகு கழன்றிருப்பது அந்த எண்ணிக்கையில் தெரியாது. அதற்கு மரபணுவின் எழுத்து வரிசையையே முழுமையாகப் படிக்கும் சோதனை வேண்டும். இந்த நோயுள்ள 100 பேரில் 60 முதல் 70 பேருக்குப் பகுதி விடுபட்டிருக்கும் என்றும், சிலருக்கு இரட்டித்திருக்கும் என்றும், மீதியுள்ளவர்களை முதல் சோதனை பிடிக்காது என்றும் சொன்னார். இதைச் சொல்லி முடிக்க அவருக்கு அதிக நேரம் ஆகவில்லை. முதல் மருத்துவமனையில் இதைச் சொல்ல ஓர் ஆள் இருந்திருந்தால், பையனுக்கு மருந்து பல மாதங்கள் முன்னரே தொடங்கியிருக்கும்.

அதன் பிறகு அவர் செய்த வேலையை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் அது எந்த ரசீதிலும் தனியாக வராத வேலை. ஒரு வெள்ளைத் தாளில் ஆண்களுக்குச் சதுரமும் பெண்களுக்கு வட்டமுமாக மூன்று தலைமுறைக் குடும்ப வரைபடம் வரைந்தார். உடன் வந்திருந்த மாமியாரைச் சற்று வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, கரு கலைந்ததுண்டா, குழந்தை இறந்ததுண்டா என்ற கேள்விகளை என்னிடம் தனியாகக் கேட்டார். என் அம்மாவின் தம்பி ஒருவர் பதின்ம வயதில் நடக்க முடியாமல் படுத்த படுக்கையாகி இறந்தவர். வீட்டில் அதை இளம்பிள்ளை வாதம் என்றே சொல்லி வந்தார்கள். அந்த மாமா சிறு வயதில் நடந்தாரா, எந்த வயதில் நின்றுபோனார், இரண்டு காலும் ஒரே அளவில் பலவீனமானதா என்று அவர் கேட்கக் கேட்க, அது போலியோவாக இருந்திருக்காது என்பது எனக்கே தெரிந்துவிட்டது. வீட்டில் எவரும் பேசாமல் விட்ட ஒரு மரணம் அன்று வரைபடத்தில் கறுப்புச் சதுரமாக இடம்பெற்றது.

சோதனைக்கு முன்பே முடிவு மூன்று விதமாக வரலாம் என்று சொன்னார். நோய்க்கான மாற்றம் தெளிவாகத் தெரியலாம். ஒன்றும் தெரியாமல் போகலாம். ஒரு மாற்றம் தெரிந்தும் அது நோயைத் தருமா என்று இப்போதைக்குச் சொல்ல முடியாமல் போகலாம். மூன்றாவது வந்தால் சோர்ந்துவிட வேண்டாம், பெற்றோரின் ரத்தத்தையும் சேர்த்துப் பார்த்தால் சில நேரங்களில் தெளிவு கிடைக்கும் என்றார். ஒப்புதல் படிவத்தைத் தமிழில் வரி வரியாகப் படித்தார். முடிவை யாரிடம் சொல்ல வேண்டும், நேரில் சொல்வதா தொலைபேசியில் சொல்வதா என்று எங்களையே கேட்டு எழுதிக்கொண்டார். இதையெல்லாம் கேட்கலாம் என்பதே அதுவரை எங்களுக்குத் தெரியாது.

இருந்தும் ஒரு பயணம் வீணாயிற்று. ரத்தம் கொடுத்த நாளில் அந்தச் செவிலியர் பணியில் இல்லை. எடுத்தவர் தவறான குழாயில் எடுத்துவிட்டதால் ஆய்வகம் மாதிரியை நிராகரித்தது. பேருந்தில் அவ்வளவு தூரம் வந்து, அழும் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் ஊசி. இரண்டாம் முறை செவிலியர் கூடவே இருந்தார்: கையில் மரத்துப்போகும் களிம்பைத் தடவிக் காத்திருந்து, ஊதா மூடியுள்ள ஈ.டி.டி.ஏ. குழாயில் எடுக்கச் செய்து, பெயரையும் பிறந்த தேதியையும் எங்கள் எதிரிலேயே சரிபார்த்து, சி.கே. அளவையும் மருத்துவரின் பரிசோதனைக் குறிப்பையும் படிவத்தில் எழுதினார். அந்தக் குறிப்புகள் இல்லாவிட்டால், கிடைக்கும் மாற்றத்துக்குப் பொருள் சொல்ல ஆய்வகம் திணறும் என்றார். நீங்களும் குழாயின் மூடி நிறத்தைப் பாருங்கள், படிவத்தில் நோய்க் குறிப்பு எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். கேட்பதற்கு வெட்கப்பட வேண்டாம்.

முடிவு வந்ததும் செவிலியரே அழைத்தார். நீங்கள் விரும்பியபடி நேரில்தான் பேச வேண்டும், இருவரும் வாருங்கள், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வேறு யாரையாவது அழைத்து வாருங்கள் என்று மட்டும் சொன்னார். தனி அறை, கதவு சாத்தியிருந்தது. மருத்துவர் நோயின் பெயரையும், மரபணுவில் ஓர் எழுத்து மாறியதால் புரதம் பாதியிலேயே நின்றுபோகிறது என்பதையும் சொல்லி, மருந்தை விளக்கிவிட்டு அடுத்த நோயாளியைப் பார்க்கப் போனார். செவிலியர் போகவில்லை. நாங்கள் அழுது முடிக்கும்வரை அவர் எதுவும் பேசவில்லை. பிறகு, மருத்துவர் சொன்னதில் என்ன புரிந்தது என்று எங்களையே சொல்லச் சொன்னார். ஸ்டீராய்டு கொடுத்தால் நோய் குணமாகிவிடும் என்று என் கணவர் புரிந்துகொண்டிருந்தார்; நடக்கும் காலத்தை அது நீட்டிக்க உதவும், நோயை நீக்காது என்று செவிலியர் நிதானமாகத் திருத்தினார். அந்த மருந்தைத் திடீரென்று நிறுத்தக் கூடாது, உயிருள்ள கிருமியால் ஆன தடுப்பூசிகளுக்கு முன் மருத்துவரைக் கேட்க வேண்டும், எந்த அறுவை சிகிச்சையானாலும் மயக்க மருந்து கொடுப்பவரிடம் நோயின் பெயரை முதலில் சொல்ல வேண்டும் என்பவற்றைத் தமிழில் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். சில நாள் கழித்து அவரே அழைத்து, தூங்குகிறீர்களா, சாப்பிடுகிறீர்களா என்று கேட்டார். அந்த அறையில் கேட்டவற்றில் பாதியை நான் மறந்திருந்தேன். அந்த அழைப்பில்தான் மறுபடி கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

நோயைவிடக் கடினமாக இருந்தது வீட்டுப் பேச்சு. என் கணவர் எனக்கு அத்தை மகன். சொந்தத்தில் கட்டியதால் வந்த வினை என்று ஊரில் பேசினார்கள். சொந்தத் திருமணத்தால் கூடும் நோய்கள் உண்டு, ஆனால் இது ஆண் பிள்ளைக்குத் தாயிடமிருந்து வரும் எக்ஸ் குரோமோசோமில் உள்ள மரபணுவின் கோளாறு, சொந்தத்தில் கட்டியதற்கும் இதற்கும் தொடர்பில்லை என்று செவிலியர் அத்தையையும் உட்கார வைத்து விளக்கினார். அப்படியானால் இவளிடமிருந்து வந்ததா என்று அத்தை கேட்டார். அந்தக் கேள்வியை அவர் எதிர்பார்த்திருந்தார் என்றே நினைக்கிறேன். இப்படிப் பிள்ளை பெற்ற தாய்மாரில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு ரத்தத்தில் அந்த மாற்றமே இருப்பதில்லை என்றும், எனக்கு இருப்பது என் செயலாலோ உணவாலோ வந்தது அன்று, யாராலும் தடுத்திருக்க முடியாது என்றும் குரலை உயர்த்தாமல் சொன்னார். அத்தை அன்று பதில் பேசவில்லை. ஆனால் அதன் பிறகு அந்தப் பேச்சு எங்கள் வீட்டில் எழவில்லை. என் சி.கே. அளவு சரியாக இருப்பதால் நான் கேரியர், அதாவது அந்த மாற்றத்தைச் சுமந்து பிள்ளைக்குக் கடத்தக்கூடியவள், அல்ல என்று முதல் மருத்துவமனையில் சொன்னதும் தவறு. கேரியர் பெண்கள் பலருக்கு அந்த அளவு சாதாரணமாகவே இருக்கும்.

என் மகளுக்கு ஒன்பது வயது. அவளுக்கும் இப்போதே பார்த்துவிட வேண்டும் என்று குடும்பமே வற்புறுத்தியது. அவள் கேரியராக இருக்க 50 விழுக்காடு வாய்ப்பு உண்டு. ஆனாலும் இந்த வயதில் நோயின் அறிகுறி எதுவும் இல்லாதபோது அந்தத் தகவலால் அவளுக்கு எந்த மருத்துவப் பயனும் இல்லை, வளர்ந்து தானே முடிவெடுக்கும் உரிமையை நாம் எடுத்துவிடக் கூடாது என்று செவிலியர் உறுதியாக நின்றார். தாயாகிய என்னால் என் வீட்டாரிடம் அவ்வளவு உறுதியாகச் சொல்லியிருக்க முடியாது.

அவசரம் வேறோர் இடத்திலிருந்து வந்தது. என் தங்கை அப்போது கருவுற்றிருந்தாள். என் அம்மாவும் கேரியர் என்பது மாமாவின் கதையால் ஏறக்குறைய உறுதியாகியிருந்ததால், தங்கைக்கும் சரிபாதி வாய்ப்பு. செவிலியர் எங்கள் அறிக்கையின் சாரத்தை ஒரு கடிதமாக எழுதி என் கையில் கொடுத்தார். தங்கையிடம் சொல்வது என் முடிவு, தன் புகுந்த வீட்டில் சொல்வதா என்பது அவள் முடிவு என்றார். மகனுடைய மாற்றம் எந்த இடத்தில் என்று தெரிந்திருந்ததால், தங்கையின் ரத்தத்தில் அந்த ஓர் இடத்தை மட்டும் பார்த்தால் போதும். கருவுக்கு நோய் உண்டா என்று நஞ்சுக்கொடித் திசுவை எடுத்துப் பார்ப்பதென்றால் 11 முதல் 13ஆம் வாரத்துக்குள் செய்ய வேண்டியிருந்ததால், அவளுடைய ரத்தச் சோதனையின் முடிவு வரும் முன்பே அதற்கு முன்பதிவு செய்துவைக்கச் சொன்னார்.

முன்பதிவுக்குப் போன மையத்தில் இருந்த எழுத்தர், ஆண் பிள்ளைக்கு வரும் நோய் என்றால் அது ஆணா பெண்ணா என்று பார்ப்பதுதானே, சட்டப்படி குற்றம் என்று சுவரில் இருந்த பலகையைக் காட்டித் திருப்பி அனுப்பிவிட்டார். தங்கை அழுதுகொண்டே வெளியே வந்தாள். செவிலியரை அழைத்தோம். கருவின் பாலினத் தேர்வைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின் 4ஆம் பிரிவு பாலினத்தோடு தொடர்புள்ள மரபு நோய்களைக் கண்டறிய அனுமதிக்கிறது, குடும்பத்தில் மரபு நோய் இருப்பது அதற்கான தகுதி, பதிவு பெற்ற மையத்தில் எழுத்து ஒப்புதலுடன் செய்ய வேண்டும், கருவின் பாலினத்தைச் சொல்வதற்குத்தான் தடை என்று தொலைபேசியிலேயே அந்த மையத்தின் மருத்துவரிடம் பேசினார். தங்கள் மரபணுப் பிரிவின் பரிந்துரைக் கடிதத்தையும் அன்றே அனுப்பச் செய்தார். முன்பதிவு கிடைத்தது. இத்தகைய சோதனைக்குப் போகிறவர்கள் பாதிக்கப்பட்ட பிள்ளையின் முழு அறிக்கையையும் பரிந்துரைக் கடிதத்தையும் கையோடு கொண்டு போங்கள், எழுத்தரிடம் வாதிடாமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். தாயின் ரத்தமும் கூடவே தேவைப்படும். எடுத்த திசுவில் தாயின் செல் கலந்திருக்கிறதா என்று அதை வைத்துத்தான் ஒப்பிடுவார்கள்.

மகனுக்கு மாற்றுத்திறனாளி அடையாள அட்டை வாங்கியதும் எளிதாக முடிந்தது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் தசைச்சிதைவும் ஒன்று. தமிழக அரசு தசைச்சிதைவு நோயாளிகளுக்கு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை கொடுப்பதும் செவிலியர் சொல்லித்தான் தெரியும். அசலை யாரிடமும் விட்டுவிடாமல், மரபணு அறிக்கையின் எல்லாப் பக்கங்களையும் நகலெடுத்து வைத்திருங்கள்.

தங்கையின் முடிவு வந்தபோது, அவளிடம் அந்த மாற்றம் இல்லை. செவிலியர் முதலில் அவளிடம் பேசிவிட்டு, அவள் அனுமதி கொடுத்த பிறகே என்னை அழைத்தார். நஞ்சுக்கொடிச் சோதனைக்கான முன்பதிவை அன்றே ரத்து செய்யச் சொன்னார், காத்திருக்கும் வேறொரு குடும்பத்துக்கு அந்த நாள் கிடைக்கும் என்பதற்காக. கேரியர் பெண்களுக்கும் பிற்காலத்தில் இதயத் தசை பலவீனமாகலாம் என்பதால், எனக்கு எக்கோ எடுக்க அடுத்த மாதத்தில் ஒரு தேதியையும் அதே அழைப்பில் குறித்துக் கொடுத்தார்.