பனி சரியில்லாத நாளிலும் போகிற மச்சான்

சுவிசில் இருந்து வந்து நிற்கிற மச்சானோடு நேற்றுப் பின்னேரம் இரணைமடுக் குளக்கட்டில் தூண்டில் போட்டபடி பனிச்சறுக்குக் கதை. பங்குனி, சித்திரையில் பகல் வெயிலுக்கு இளகுகிற பனி இரவில் இறுகி, விடியக் கண்ணாடி மாதிரிக் கிடந்து, மத்தியானம் கஞ்சியாகிவிடுமாம். பிறகேன் காசைக் கொட்டிப் போகிறாய் என்று கேட்டேன்.

மலைக்கு ஏற்றுகிற தொங்கு கதிரையில் 10 நிமிடம் மகள் பக்கத்தில் இருப்பாள், தடித்த கையுறையோடு போனை நோண்ட ஏலாது, அதனால் பள்ளிக்கூடக் கதை முழுக்க வருமாம் (வீட்டில் கேட்டால் வெறும் 'ம்' தான்). அப்புறம் அந்த இறுக்கமான சப்பாத்தைக் கழற்றுகிற நிமிடம். சரி, அது எனக்கு விளங்கியது. நாள் முழுக்க வயல் சேற்றில் நின்றுவிட்டு வாய்க்காலில் கால் கழுவுகிற அதே சுகம்.

நேற்றும் மீன் ஒன்றும் படவில்லை. இன்றைக்கும் போகிறோம்.