கலீசியாவின் எல்லைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பார்த்த கதை

நான் சொல்வது ஸ்பெயினில் இருக்கும் கலீசியா அல்ல. மேற்குப் பக்கம் போலந்திலும் கிழக்குப் பக்கம் உக்ரைனிலும் கிடக்கும் பழைய ஆஸ்திரிய மாகாணம். அதன் பழைய வரைபட ஸ்கேன்களை கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் ஏற்றி, இன்றைய வரைபடத்தின் மேல் பொருத்திக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு காலத்து எல்லைக்கும் ஒரு லேயர், அதாவது தனி அடுக்கு.

1772இல் அண்டை வல்லரசுகள் போலந்தை முதல்முறை பங்கு போட்டபோது பிறந்த மாகாணம் இது. 1795இல் வடக்கே வீங்கியது. 1809இல் அந்த வீக்கமும் போயிற்று, கிழக்கு ஓரத்துத் தெர்னோபில் பகுதியும் ரஷ்யாவிடம் போயிற்று. 1815இல் தெர்னோபில் திரும்பி வந்தது. 1846இல் கிராக்கோவ் சேர்ந்தது. 1849இல் தென்கிழக்கு மூலையிலிருந்த புக்கோவினா தனி மாகாணமாகப் பிரிந்தது. 1918இல் பேரரசோடு மாகாணமும் முடிந்தது.

வேலை எடுத்தது 1:75,000 அளவிலான ராணுவ வரைபடத் தாள்கள்தான். அதில் தீர்க்கரேகை கிரீனிச்சிலிருந்து எண்ணப்படவில்லை. கேனரி தீவுகளில் உள்ள ஃபெர்ரோவிலிருந்து எண்ணியிருக்கிறார்கள். 17 டிகிரி 40 நிமிடம் கழிக்க வேண்டும். தாளில் 44 என்று போட்டிருக்கும் கோடு இன்றைய 26 டிகிரி 20 நிமிடத்தில் வந்து உட்காருகிறது. அப்புறம் தேவாலயங்களையும் ஆறுகள் கூடும் இடங்களையும் பழைய படத்தையும் இன்றைய படத்தையும் இணைக்கும் புள்ளிகளாக வைத்தேன். சாலை வளைவுகளை நம்ப முடியாது, அவை மாறிவிடும்.

கிழக்கு ஓரம் பொருந்தியபோது எனக்கு உண்மையிலேயே சிலிர்த்தது. அங்கே எல்லை ஸ்ப்ரூச் ஆறு. 1772 ஒப்பந்தத்தில் அந்தப் பெயரே கிடையாது. நீஸ்டர் ஆற்றில் கலக்கும் 'போடோர்ஸே' என்ற சிற்றாறுதான் எல்லை என்று எழுதியிருந்தார்கள். நேரில் போய்ப் பார்த்தால் அப்படி ஓர் ஆறு இல்லை. ஆஸ்திரியர்கள் ஸ்ப்ரூச்சையே எல்லையாக்கிக்கொண்டார்கள். காகிதத்தில் மட்டும் ஓடிய ஓர் ஆற்றுக்குப் பதிலாக வந்த கோடு இது. ஆனாலும் மற்ற எல்லைகளெல்லாம் அலைந்து திரிய, 1809க்குப் பிந்தைய சில ஆண்டுகள் போக, இது மட்டும் அசையவில்லை. 1921க்குப் பிறகு போலந்துக்கும் சோவியத்துக்கும் நடுவே 1939 வரை இதே ஆறுதான். இன்றும் உக்ரைனுக்குள் தெர்னோபில், க்மெல்னிட்ஸ்கி மாகாணங்களை அதுவே பிரிக்கிறது. லேயர்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கிறேன். ஹுசியாட்டின் ஊருக்குப் பக்கத்தில் நான்கு காலத்துக் கோடுகளும் ஒரே வளைவில் விழுகின்றன.

பழைய வரைபடம் சேர்ப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். செப்புத் தகட்டில் அச்சான படங்களில் எல்லை வண்ணம் கையால் பூசியது. எல்லை மாறினால் பல சமயம் தகட்டைத் தொடவே மாட்டார்கள், தூரிகையை வேறு கோட்டில் ஓட்டிவிடுவார்கள். அதனால் ஓரத்தில் அச்சாகியிருக்கும் ஆண்டை நம்பி எல்லையின் காலத்தை முடிவு செய்யக் கூடாது. வண்ணத்துக்கு அடியில் பழைய புள்ளிக்கோடு தெரிகிறதா என்று பெரிதாக்கிப் பார்த்துவிட்டுத்தான் நான் லேயருக்கு ஆண்டு போடுகிறேன்.

இப்போது கையில் இருப்பது 1809 கோடு. தெர்னோபில் பக்கத்தை மட்டும் வெட்டி எடுத்து, செரெத் ஆற்றை வைத்துப் பொருத்தத் தொடங்கியாயிற்று. தெற்குப் பகுதி சரியாக உட்கார்ந்துவிட்டது, வடக்கே இன்னும் புள்ளிகள் வேண்டும்.