மாத்திரையை நிறுத்தக் கற்றுக்கொடுக்கும் இடம்

முதியோர் மருத்துவத்தில் எம்.டி. படிப்பு 1996இல் மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் தொடங்கியது. அதற்கு வழியமைத்த டாக்டர் வி. எஸ். நடராஜன், 1978இலேயே சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் முதியோருக்கெனத் தனிப் பிரிவு கண்டவர். 2024இல் கிண்டியில் தேசிய முதியோர் நல மருத்துவமனையும் வந்துவிட்டது. ஆயினும் வார்டில் முதுநிலை மாணவர்கள் காணும் முதியவர், சில நாட்களில் டிஸ்சார்ஜ் ஆகிப் போய்விடுபவர். என் மாணவர்களைத் தாம்பரத்துக்கு அப்பாலுள்ள ஒரு முதியோர் இல்லத்துக்கு வாரந்தோறும் நான் அழைத்துச் செல்வது அதனால்தான்.

அங்கே எண்பதைக் கடந்த ஒரு பாட்டி அடிக்கடி கீழே விழுந்தார். மூளை ஸ்கேன் எடுக்கலாம் என்றார் மாணவி. பாட்டியின் மாத்திரை டப்பாவைக் கொட்டிப் பார்க்கச் சொன்னேன். ரத்த அழுத்தத்துக்கு ஆம்லோடிபின். அதனால் வந்த கால் வீக்கத்தை வேறு நோயாக எண்ணி இன்னொருவர் எழுதிய ஃப்யூரோசமைடு. அதனால் அடிக்கடி வந்த சிறுநீரை அடக்க மூன்றாமவர் எழுதிய, முதியவர்களின் புத்தியைக் குழப்பக்கூடிய ஆக்சிபியூட்டினின். "ராத்திரி மாத்திரை போட்டதும் நாலு தடவை எந்திரிப்பாங்க டாக்டரம்மா, விழுறது அப்பதான்" என்றார் ஆயாம்மா. கேஸ் ஷீட்டில் இந்த வரி இல்லை. படுத்த நிலையிலும், எழுந்து நின்ற மூன்று நிமிடங்களுக்குள்ளும் மாணவி ரத்த அழுத்தம் பார்த்தார். நின்றதும் மேல் அளவு 20க்கும் அதிகமாகச் சரிந்திருந்தது; எழுந்ததும் பாட்டி விழுந்தது அதனால்தான்.

மருந்துகளை ஒவ்வொன்றாக நிறுத்தி, அடுத்தடுத்த வாரங்களில் வீக்கமும் குழப்பமும் தணிவதை மாணவியே கண்டார். எழுதப் பழகிய கைக்கு நிறுத்துவது எளிதன்று. வீடியோ அழைப்பில் வரும் மகனிடம், மாத்திரையைக் குறைப்பது செலவைக் குறைக்க அல்ல என்று விளக்குவது அதனினும் கடினம். (அந்தக் கேள்வி நிச்சயம் வரும்.) இரண்டையும் பழக, அதே நோயாளியை மாதக்கணக்கில் பார்த்தாக வேண்டும்.

முதுநிலை மாணவர்கள் 3 மாதம் மாவட்ட மருத்துவமனையில் பணியாற்ற வேண்டும் என்று தேசிய மருத்துவ ஆணையம் விதித்திருக்கிறது. முதியோர் மருத்துவ மாணவர்களுக்காவது, ஆறு மாதங்களுக்கு வாரம் ஒரு நாள் ஒரே இல்லத்துக்குச் செல்வதையும் அப்படிக் கட்டாயமாக்கலாம். அவர்களின் மதிப்பீட்டில் அங்குள்ள ஆயாம்மாக்களின் கருத்தையும் சேர்க்கலாம்.