மரத்தவளை பாக்கணுமா, மாசத்த விடுங்க மழைய பாருங்க

ஜூன் பொறந்தா போதும், "வால்பாறைக்கு வர்றோம், அந்தப் பறக்குற தவளை எங்க கிடைக்கும்"னு யாராச்சும் கேட்டு மெசேஜ் போட்டுருவாங்க. கேக்குறது தப்பில்ல, ஆனா எந்த மாசம்னு கேக்குறத விட எந்த மழைனு கேட்டாத்தான் உருப்படியா ஒரு பதில் சொல்ல முடியும். பொள்ளாச்சில இருக்குறவங்களுக்கு இது நல்லாவே புரியும், மேல மலைல தென்மேற்கு மழை விடாம ஊத்திட்டு இருக்கும், கீழ எங்க தோட்டத்துல காத்தும் சாரலும் தவிர பெருசா ஒண்ணும் இருக்காது, இங்க தொட்டி நிரம்புறதெல்லாம் ஐப்பசி கார்த்திகைலதான். தவளைங்களும் இந்தக் கணக்குலதான் ஓடுது, மலைத்தவளைக்கு ஒரு சீசன், கீழ இருக்குறதுக்கு வேற சீசன்.

மரத்தவளை பாக்க மலை ஏறணும்னே அவசியம் இல்லங்க. பாத்ரூம் சுவத்துல ஒட்டிட்டு இருக்குற தேரைய பாத்து வீட்டுல பாதிப் பேர் அலறுவாங்களே, அதுவும் மரத்தவளைக் குடும்பம்தான், பாலிபெடேட்டஸ் மாக்குலேட்டஸ்னு பேரு. விரல் நுனி ஒவ்வொண்ணும் வட்டமா தட்டையா இருக்கும், அத வெச்சுத்தான் டைல்ஸ்லயும் கண்ணாடிலயும் ஏறுது, காலை நீட்டுச்சுன்னா தொடைக்குப் பின்னாடி மஞ்சப் புள்ளி தெரியும்.

இத மார்ச்ல இருந்து மே வரைக்கும் வெளிய தேடாதீங்க, ஈரம் எங்க இருக்கோ அங்க தேடுங்க. கிணத்து உள்சுவர் சந்து, தண்ணித்தொட்டி மூடிக்கு அடியில, பூந்தொட்டி இடுக்கு, மோட்டார் ரூம். எங்க மோட்டார் ரூம்ல ஸ்டார்டர் பெட்டிக்கு மேல ஒண்ணு நிரந்தரக் குடித்தனம். பகல்ல பாத்தா சுவத்துச் சுண்ணாம்பு கலருக்கே வெளுத்துப் போயி, கை கால் நாலையும் வயித்துக்கு அடியில மடக்கி, கண்ண பாதி மூடிட்டு அசையாம உக்காந்திருக்கும், கிட்டப் போயி குனிஞ்சு பாத்தா தொண்டை மட்டும் படபடன்னு துடிக்கும். இப்படி ஒடுங்கி உக்காந்தா தோல்ல இருந்து ஈரம் கம்மியாத்தான் போகும், அதான் காரணம். இருட்டுனதும் ப்ரவுன் கலருக்கு மாறி லைட்டடில பூச்சி புடிக்கக் கிளம்பிரும். இவ்வளவு சாதுவான ஜீவன் மேல தேங்காய்ப் பழிய வேற போட்டு வெச்சிருக்கோம், பருப்பு இல்லாம சுருங்குன காய தேரை விழுந்த காய்னு சொல்றாங்கல்ல, சத்துக் குறைபாடு, சிலந்திப்பேனுன்னு ஆயிரம் காரணம் இருக்கு, தவளை தென்னைல ஏறி தேங்காய என்னங்க பண்ணப் போகுது.

கோடை மழை ஒண்ணு நல்லா இறங்கிட்டா அன்னிக்கு ராத்திரியே ஆண் தேரை கடகடன்னு கத்த ஆரம்பிச்சிரும். ஆனா சரியான சீசன் அக்டோபர்ல இருந்து டிசம்பர் முன்பாதி வரைக்கும்தான். காலைல எந்திரிச்சு தொட்டியோட உள்சுவத்த பாருங்க, தண்ணிக்குக் கொஞ்சம் மேல வெளிர் மஞ்சளா ஒரு நுரைக்கூடு ஒட்டிட்டு இருக்கும். முட்டை போடுறப்ப சுரக்குற திரவத்த பின்னங்காலால அடிச்சு அடிச்சு நுரையாக்குறது. வெளிப்பக்கம் காஞ்சு மொறமொறன்னு ஆனாலும் உள்ள ஈரம் நிக்கும், சில நாள்ல தலைப்பிரட்டை அதுல இருந்து நழுவி கீழ தண்ணில விழுந்துரும். தொட்டி கழுவுறத ஒரு வாரம் தள்ளிப் போட்டா இத முழுசா பாக்கலாம். ஜனவரி பிப்ரவரில பனியும் வறட்சியும்தான், பெருசா கண்ணுல படாது.

இப்ப மலைக்கு வருவோம். ஆழியாறு தாண்டி 40 கொண்டை ஊசி ஏறி வால்பாறை போனா ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் கொண்டாட்டம். எல்லாரும் தேடுற மலபார் சறுக்குத் தவளை பச்சை உடம்பு, விரலுக்கு நடுவுல ஆரஞ்சு சிவப்புல சவ்வு, அத விரிச்சுத்தான் உயரத்துல இருந்து சறுக்கிட்டு இறங்குது. மத்த நாள்ல மர உச்சிலயே இருந்துரும், மழைல ஜோடி சேரத்தான் கீழ வரும், அதனால அண்ணாந்து பாத்து கழுத்து வலி வாங்காதீங்க, தேங்குன தண்ணிக்கு மேல இலை தொங்குற இடமா பாருங்க, நுரைக்கூட்ட அங்கதான் கட்டும். இதுக்கு ஆனைமலைலயே ஒரு சொந்தக்காரன் உண்டு, ஆண்டிபாறை சோலைல கண்டுபிடிச்சு 2000ல கார்த்திகேயன் வாசுதேவன், சுஷில் தத்தாங்குற ரெண்டு ஆய்வாளர்கள் புது இனம்னு எழுதுனாங்க, குட்டியா இருக்கறப்ப பச்சை மேல கறுப்புக் கோடு கோடா இருக்கும்.

எனக்கு என்னவோ இந்தப் பறக்குறதுங்கள விட புதர்த்தவளைதான் புடிக்கும். நிறைய இனம் கட்டைவிரல் நகம் சைஸ்தான் வரும், சத்தம் மட்டும் காஸ் லைட்டர விடாம அமுக்குன மாதிரி டிக் டிக் டிக்னு ரோடு முழுக்க கேக்கும். ஏப்ரல் மே கோடை மழையிலயே ஆரம்பிச்சு ஜூன் ஜூலைல உச்சத்துக்குப் போயிரும். இதுக்குக் குளம் குட்டை எதுவும் வேண்டாம், தலைப்பிரட்டையே கிடையாது, முட்டைக்குள்ளயே வளந்து குட்டித் தவளையாவே வெளிய வரும், அதனால ஈரமான எந்தப் புதர்லயும் இருக்கலாம். கண்டுபிடிக்க ஒரு டெக்னிக் இருக்கு, ரெண்டு பேர் நாலடி தள்ளித் தள்ளி நின்னு சத்தம் வர்ற பக்கம் டார்ச்ச காட்டுங்க, ரெண்டு வெளிச்சமும் எங்க சந்திக்குதோ அந்த இலைல ஆள் இருப்பான். டார்ச்ச பாத்ததும் கப்சிப் ஆயிருவான், அணைச்சிட்டு ரெண்டு நிமிஷம் பேசாம நில்லுங்க, மறுபடி கத்துவான்.

களக்காடு பக்கம் இன்னும் விசேஷம், அங்க மூங்கில் கணுவுக்கு நடுவுல இருக்குற சின்ன ஓட்டை வழியா உள்ள புகுந்து முட்டை வெக்கிற புதர்த்தவளை இருக்கு, நூறு வருஷத்துக்கு மேல யார் கண்ணுலயும் படாம இருந்துட்டு 2011ல மறுபடி கிடைச்சதா அறிவிச்சாங்க. ஆனா அது புலிகள் காப்பகம், நினைச்சா போயி நிக்கிற இடம் இல்ல.

வால்பாறைலயும் ராத்திரி தேயிலைக்குள்ள சுத்தலாம்னு கிளம்பிராதீங்க, சிறுத்தையும் யானையும் நடமாடுற இடம். தங்குற வீட்டு காம்பவுண்டே போதும், வேலியோரச் செடியும் தண்ணி ட்ரம்மும் பாத்தாலே ரெண்டு மூணு வகை தேறும். அட்டைக்கு நீளமான சாக்ஸ் எடுத்துக்கோங்க, கொசு க்ரீம் போட்ட கையால தவளைய தொடாதீங்க, அது தோல் வழியா எல்லாத்தையும் இழுத்துக்கும். போட்டோ சரியா விழலைன்னா கவலைப்படாதீங்க, சத்தத்த போன்ல ரெக்கார்ட் பண்ணி இடம் தேதியோட ஐநேச்சுரலிஸ்ட்ங்குற உயிரினப் பதிவுத் தளத்துல ஏத்துங்க, புதர்த்தவளைல பாதி பாக்க ஒரே மாதிரிதான் இருக்கும், சத்தத்த வெச்சுத்தான் தெரிஞ்சவங்க பேர் சொல்லுவாங்க.